கிளைவ் கஸ்லரின் கடல் சாகச நாவல்கள் எல்லாம் ஒரே அச்சு என்கிறார்களே, அது குறைதானா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நண்பர் கொடுத்த ‘டார்க் வாட்ச்’ நாவலை இரண்டே இரவில் படித்து முடித்திருக்கிறீர்கள், பிடித்திருந்தது. அப்புறம் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் பார்த்தால் சிலர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், சிலர் ‘எல்லாப் புத்தகமும் ஒரே கதை, நம்பவே முடியாத சம்பவங்கள், உயிரில்லாத பாத்திரங்கள்’ என்று ஒற்றை நட்சத்திரத்தோடு நிறுத்திவிட்டார்கள். யாரை நம்புவது, அடுத்ததை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ‘எனக்குத்தான் ரசனை போதவில்லையோ’ என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு புத்தகத்தின் குறைகளைப் பற்றி எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், ஆனால் அந்தக் குறைகளின் எடையைப் பற்றி மட்டும் ஒத்துப்போவதில்லை. அது ஏன்?

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்று. சரக்குக் கப்பல்களில் மரைன் எஞ்சினியராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன், கடைசி ஒன்பது வருடம் சீஃப் எஞ்சினியராக. இன்டர்நெட் கப்பலுக்கு வருவதற்கு முன்னால் மெஸ் ரூமில் ஒரு புத்தக அலமாரி இருக்கும். காண்ட்ராக்ட் முடிந்து இறங்குகிறவர்கள் படித்ததை விட்டுவிட்டுப் போவார்கள், ஏறுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்த அலமாரியில் கஸ்லர் இல்லாத கப்பலை நான் பார்த்ததில்லை. அட்டை கிழிந்து, டீக்கறை படிந்து, ஓரத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் யாரோ ஒரு ஆயிலரின் க்ரீஸ் விரல் பதிந்து இருக்கும். அவர் பெயரில் வந்தவற்றில் முப்பதுக்குக் குறையாமல் படித்திருக்கிறேன். இலக்கிய விமர்சனம் என் துறை இல்லை. துப்பாக்கி, ஏவுகணை பற்றியும் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கப்பல், எஞ்சின், கடல், அதில் வேலை செய்யும் ஆட்கள், இவற்றைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசுகிறேன்.

முதலில் ‘ஒரே கதை’ என்ற குற்றச்சாட்டு. அது உண்மை, அதில் சந்தேகமே வேண்டாம். முதல் அத்தியாயத்துக்கு முன்பே எப்போதோ ஒரு காலத்தில் ஒரு கப்பலோ விமானமோ ஏதோ ஒரு ரகசியத்தோடு தொலைந்துபோகும். அடுத்து இன்றைய காலம், நாயகன் டர்க் பிட் கடலில் யாரையாவது காப்பாற்றிக்கொண்டு அறிமுகமாவார். பக்கத்தில் குட்டையான, கட்டுமஸ்தான நண்பர் அல் ஜியார்டினோ. மேலே சுருட்டுப் பிடிக்கும் அட்மிரல் சாண்டெக்கர். கப்பல் சரித்திரம் தெரிய வேண்டுமென்றால் சாப்பாட்டுப் பிரியரான பெர்ல்மட்டரிடம் போவார்கள். உலகத்தையே மிரட்டும் ஒரு பணக்கார வில்லன் இருப்பான், பழைய காலத்துக் கார் ஒன்று வரும், முடிவில் தொலைந்த பொருளும் இன்றைய ஆபத்தும் ஒரு முடிச்சில் வந்து சேரும். 1990-இல் வந்த ‘டிராகன்’ நாவலிலிருந்து கஸ்லரே ஒரு பாத்திரமாக நடுவில் தலைகாட்டி நாயகனுக்கு உதவி செய்துவிட்டுப் போவதும் வழக்கமானது. எழுத வருவதற்கு முன் அவர் விளம்பரத் துறையில் இருந்தவர், நாயகனுக்குத் தன் மகனின் பெயரையே வைத்தவர். வாசகர் எதற்காகத் திரும்பி வருகிறார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், அதை அவர் மறைக்கவும் இல்லை.

எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். முருகன் வேடனாக வருவார், கிழவனாக வருவார், யானை வரும், வள்ளி இணங்குவாள் என்பது கடைசி வரிசையில் மடியில் தூங்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் கூட்டம் உட்கார்ந்திருக்கும். இன்றைக்கு நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கம் எப்படி இருக்கப் போகிறது என்று பார்க்கத்தான் வந்திருப்பார்கள். தர்க்கம் சூடு பிடிக்கவில்லை என்றால் அதே கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். கஸ்லரின் வாசகர்களும் அப்படித்தான். கதைக்கட்டு ஒன்றே என்பது தெரிந்தே வருகிறார்கள். கோபமாக எழுதுகிறவர்களில் பலர் புதிதாக வந்தவர்கள் இல்லை, பத்தாவதோ பதினைந்தாவதோ புத்தகத்தில் தர்க்கம் சூடு பிடிக்காமல் ஏமாந்தவர்கள். அவர்கள் எழுதியதை முழுக்கப் படித்தால் ‘பழைய புத்தகங்கள் எவ்வளவு நன்றாக இருந்தன’ என்ற வரி எங்காவது வந்துவிடும். கப்பலில் நான் கேட்டவரையில், ஒருவருக்கு மிகவும் பிடித்த கஸ்லர் எது என்றால் பெரும்பாலும் அவர் முதலில் படித்ததுதான். இது என் அனுபவம் மட்டுமே, ஆதாரம் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது குற்றச்சாட்டு ‘நம்ப முடியவில்லை’ என்பது. இதைப் பற்றித்தான் நான் நிறையப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் வாசகர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் சந்தேகப்படுகிறார்கள். நீங்கள் படித்த ‘டார்க் வாட்ச்’ 2005-இல் வந்தது, கஸ்லரும் ஜாக் டு ப்ரூலும் சேர்ந்து எழுதியது, ஓரிகன் என்ற கப்பலை வைத்து எழுதிய வரிசையில் ஒன்று. அதில் கடற்கொள்ளையர்கள் ஒரு கப்பலை முழுசாகவே காணாமல் போக வைக்கிறார்கள் அல்லவா? ‘இவ்வளவு பெரிய கப்பலை எங்கே ஒளித்து வைக்க முடியும், சின்னப்பிள்ளைக் கதை’ என்று ஒருவர் எழுதியதைப் படித்திருக்கிறேன். அது நடந்த கதை. 1999 அக்டோபரில் ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்ற புத்தம்புதிய கப்பல் சுமார் 7,000 டன் அலுமினியக் கட்டிகளோடு இந்தோனேசியாவின் குவாலா தஞ்சுங்கிலிருந்து ஜப்பானுக்குக் கிளம்பியது. கிளம்பிய அன்றே கொள்ளையர்கள் பிடித்துவிட்டார்கள். சரக்கில் ஒரு பகுதியை பிலிப்பைன்ஸில் இறக்கினார்கள், பெயரை ‘மெகா ராமா’ என்று மாற்றி எழுதினார்கள், திரும்பி இந்துமகா சமுத்திரம் வழியாக ஓட்டிக்கொண்டு போனார்கள். நவம்பரில் நம் கடலோரக் காவல்படையின் ‘தாராபாய்’ விரட்டிப் போய், கடற்படையின் ‘பிரஹார்’ வந்து சேர்ந்துதான் மடக்கினார்கள். கப்பல் திருடர்கள் மும்பை நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, பிறகு மேல்முறையீட்டில் விடுதலையும் ஆனார்கள். நான் அப்போது தேர்ட் எஞ்சினியர். ஒவ்வொரு துறைமுகத்திலும் இதே பேச்சு.

நாவலில் வரும் மிதக்கும் உலர்துறையும் கற்பனை இல்லை. தண்ணீரை உள்ளே விட்டுத் தாழ்த்தி, கப்பலை உள்ளே நகர்த்தி, தண்ணீரை இறைத்து மேலே தூக்கும் தளம் அது. இரண்டு பக்கமும் உயரமான சுவர்கள் உண்டு. பெரிய டக் படகுகள் அவற்றைக் கடல் கடந்து இழுத்துப் போவது வழக்கமான வேலைதான். அதன் வயிற்றில் ஒரு கப்பலை மறைத்து இழுத்துப் போகலாம் என்ற யோசனை, தொழில் தெரிந்த ஒருவன் ரசிக்கக்கூடிய யோசனை. முதல் தடவை அந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, மேல்மூடி போட்டால் எடை எவ்வளவு ஏறும், அலையில் எப்படி ஆடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஓரிகன் துருப்பிடித்த சரக்குக் கப்பல் வேஷத்தில் திரியும் போர்க்கப்பல் என்பதும் அப்படித்தான். முதல் உலகப் போரில் பிரிட்டன் இப்படிப் பல கப்பல்களை விட்டிருந்தது. கியூ கப்பல் என்பார்கள். சாதாரண வணிகக் கப்பல் என்று நினைத்து ஜெர்மன் நீர்மூழ்கி மேலே வந்து நெருங்கும்போது, பலகைகள் விழுந்து பீரங்கி தெரியும். ஜெர்மனியும் சும்மா இருக்கவில்லை. 1941 நவம்பரில் ‘கோர்மோரான்’ என்ற ஜெர்மன் கப்பல் டச்சு சரக்குக் கப்பல் போலப் பாசாங்கு செய்து ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ போர்க்கப்பலை மிக அருகில் வரவைத்துச் சுட்டது. சிட்னியில் இருந்த 645 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய அதே எம்டன், அடுத்த மாதம் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது பொய்யாக ஒரு நாலாவது புகைபோக்கியை நிறுத்தி பிரிட்டிஷ் கப்பல் போல் வேஷம் போட்டது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் பாட்டிகள் சொன்னது சும்மா இல்லை.

ஆனால் இன்றைய காலத்தில் ஓரிகன் செய்வது போல ஒரே இரவில் பெயரை மாற்றிவிட்டு அடுத்த துறைமுகத்துக்குள் நுழைவது எளிதில்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் உண்டு. பெயரும் கொடியும் எத்தனை தடவை மாறினாலும் அது மாறாது, 2004-இலிருந்து அதைக் கப்பலின் உடம்பிலேயே நிரந்தரமாகப் பொறிக்க வேண்டும். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் அடையாளத்தையும் இடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவியை வைத்திருக்க வேண்டும். பொய்ச் சிக்னல் அனுப்பும் டேங்கர்கள் இன்றும் இருக்கின்றன, ஆகவே முடியாது என்று சொல்ல மாட்டேன். நாவலில் காட்டுவது போல லகுவாக முடியாது.

எந்த வாசகரும் சந்தேகப்படாமல் கடந்து போகும் இடம் ஒன்று இருக்கிறது, அதில்தான் எனக்கு ஆட்சேபம். ஓரிகனின் எஞ்சின். காந்தங்களைக் கடுமையாகக் குளிர்வித்து, கடல்நீரிலிருந்து தனி எலக்ட்ரான்களை உருவி, ஏறத்தாழ அளவில்லாத மின்சாரம் எடுத்து, போர்க்கப்பல்களை முந்தும் வேகத்தில் ஓடும் என்று கதை சொல்கிறது. காந்தப் புலமும் மின்னோட்டமும் சேர்ந்து கடல்நீரைப் பின்னால் தள்ளும் உந்துமுறை நிஜம்தான். ஜப்பானில் ‘யமாட்டோ 1’ என்ற கப்பலைக் கட்டி 1992-இல் கோபே துறைமுகத்தில் ஓட்டியே காட்டினார்கள். வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். சைக்கிளில் விடாமல் துரத்தலாம். கடல்நீரில் மின்சாரத்தைக் கடத்துவது உப்பின் அயனிகள். செம்போடு ஒப்பிட்டால் அது கோடி மடங்கு மோசமான கடத்தி. அதனால் போடும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்குவதில் போய்விடும். அந்த மின்சாரமும் ஜெனரேட்டரிலிருந்து வர வேண்டியதே, கடல் இலவசமாகக் கொடுக்காது. கொள்ளையர் கதையை நம்பாமல் எஞ்சினை நம்புகிற வாசகர் கருத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

கஸ்லருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ‘ரெய்ஸ் த டைட்டானிக்’ 1976-இல் வந்தது. அதில் கப்பல் முழுசாக இருக்கிறது, தூக்கி நியூயார்க்குக்குக் கொண்டுவருகிறார்கள். 1985 செப்டம்பர் 1 அன்று ராபர்ட் பல்லார்டும் ழான் லூயி மிஷெலும் தலைமை தாங்கிய குழு நிஜக் கப்பலைக் கண்டுபிடித்தபோது அது இரண்டாக உடைந்து சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. ‘பொய்யான புத்தகம்’ என்று இதை வைத்துச் சொல்வது அநியாயம். 1976-இல் கப்பல் முழுசாக மூழ்கியது என்றுதான் பரவலாக நம்பினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அமெரிக்க உளவுத்துறை, சுமார் 5,000 மீட்டர் ஆழத்திலிருந்து சோவியத் நீர்மூழ்கி ஒன்றின் ஒரு பகுதியை ரகசியமாகத் தூக்கியிருந்தது. ஆகவே ஆழ்கடலிலிருந்து பெரியதொன்றைத் தூக்கும் எண்ணம் அன்று பைத்தியக்காரத்தனம் இல்லை.

தூக்கும் விதம்தான் தடுமாறும். அந்த ஆழத்தில் அழுத்தம் மேலே இருக்கும் காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 380 மடங்கு. அங்கே காற்றை அடைத்தால் அது நெருங்கி, தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கனமாகிவிடும். மேலே வரும்போது அதே காற்று விரிந்துகொண்டே போகும். வெளியே விட வழி இல்லையென்றால் கப்பலின் உடம்பைப் பிளந்துவிடும், வழி இருந்தாலும் ஏறும் வேகம் கையில் நிற்காது. இதனால்தான் 1996-இல் டைட்டானிக்கின் பக்கச்சுவரில் ஒரு துண்டைத் தூக்கப் போனவர்கள், பைகளில் காற்றுக்குப் பதில் டீசலை நிரப்பினார்கள். டீசல் தண்ணீரைவிட லேசு, அழுத்தத்தில் அதிகம் சுருங்காது. அந்த முயற்சியும் மேற்பரப்புக்கு அருகில் வந்து தோற்றது. துண்டு மறுபடி அடிக்குப் போனது, 1998-இல்தான் எடுத்தார்கள். அதன் எடை 15 முதல் 20 டன் என்பார்கள். முழுக் கப்பல் ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி அந்தப் புத்தகத்தைப் படித்தபோது எனக்கு அது இன்னும் பிடித்தது. ஏன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். கதையில் நுமா என்று ஒரு அரசு கடலாய்வு நிறுவனம் வருகிறது. 1979-இல் அதே பெயரில் நிஜமாகவே, லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள், புத்தகத்தில் வந்த பணத்தைக் கஸ்லர் அதில் போட்டார். மூழ்கிய கப்பல்களைத் தேடுவதுதான் வேலை. ‘ஹன்லி’ என்ற நீர்மூழ்கி 1864 பிப்ரவரியில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது எதிரிக் கப்பலை மூழ்கடித்துவிட்டு எட்டுப் பேரோடு தானும் திரும்பாமல் போனது. அதை 1980-இல் தேட ஆரம்பித்து, தோற்று, மறுபடி போய், 1995-இல் சார்ல்ஸ்டனுக்கு வெளியே சேற்றுக்கடியில் தொட்டுப் பார்த்தார்கள். 2000 ஆகஸ்ட் 8-இல் தூக்கினார்கள். உள்ளே எட்டுப் பேரின் எலும்புகளும் இருந்தன.

நான் சொல்ல வந்தது இதுதான். அவருடைய நல்ல புத்தகங்களில், அச்சு எவ்வளவு பழசாக இருந்தாலும், கலங்கிய தண்ணீரில் அடியில் கிடக்கும் இரும்பைக் காட்டும் காந்தமானியை இழுத்துக்கொண்டு நாள் முழுக்கப் படகில் உட்கார்ந்த ஒருவரின் ஆசை உள்ளே ஓடுகிறது. தொலைந்த கப்பலின் மேல் அவருக்கு இருந்த நிஜமான பிரியம் அது. அது இருக்கும் புத்தகத்தில் வில்லன் எத்தனை அசட்டுத்தனமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன். அது இல்லாத புத்தகத்தில் கப்பல் வெறும் மேடையாகிவிடுகிறது, அப்போது ஒற்றை நட்சத்திரக்காரர்கள் சொல்வது எல்லாமே உறைக்க ஆரம்பிக்கிறது. பிற்காலத்தில் பல வரிசைகளைப் பல பேரோடு சேர்ந்து எழுதினார். 2020-இல் அவர் காலமான பிறகும் அவை வேறு கைகளில் வந்துகொண்டிருக்கின்றன. எந்தப் பக்கத்தை யார் எழுதினார் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ‘கூட்டாக எழுதியதெல்லாம் மட்டம்’ என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை, நீங்கள் ரசித்ததே அப்படி ஒன்றுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் திட்டுகிறவர்களின் பக்கம். இந்த நாவல்களில் சாதாரண மாலுமி கும்பலாகவே வருவார், கும்பலாகவே சாவார். அலோண்ட்ரா ரெயின்போவில் பதினேழு பேர் இருந்தார்கள், கேப்டனும் சீஃப் எஞ்சினியரும் ஜப்பானியர்கள், மற்றவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். கொள்ளையர்கள் அவர்களை ஒரு ரப்பர் மிதவையில் ஏற்றிக் கடலில் விட்டார்கள். பத்து நாள் அளவுக்கு மிதந்து, பக்கத்தில் போன கப்பல்கள் கவனிக்காமல் போவதைப் பார்த்து, கடைசியில் தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று காப்பாற்றியது. அந்தப் பத்து நாள் எப்படி இருந்திருக்கும் என்று கப்பலில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். அந்த மாதிரி ஆட்களுக்கு இந்த வகை நாவலில் ஒரு பக்கம்கூடக் கிடைப்பதில்லை. ஏழெட்டு மாதம் வீட்டைப் பார்க்காமல் எஞ்சின் ரூமில் வியர்க்கிற ஆயிலர் அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கும் புத்தகத்தில், அவரைப் போன்றவர் பெயர் இல்லாமல் செத்துப்போகிறார். ‘பாத்திரங்களுக்கு உயிர் இல்லை’ என்று வாசகர்கள் சொல்லும்போது பெரும்பாலும் நாயகனைப் பற்றிச் சொல்கிறார்கள். எனக்கு நாயகனைப் பற்றிக் கவலை இல்லை, இவர்களைப் பற்றித்தான்.

சரி, கருத்துகளை எப்படிப் படிப்பது? நட்சத்திரத்தை விடுங்கள். எழுதியவருக்கு இது எத்தனையாவது புத்தகம் என்று பாருங்கள். பதினைந்தாவது என்றால் அவருடைய சலிப்பு உங்களுக்குப் பொருந்தாது. கப்பலைப் பற்றியோ தொலைந்த பொருளைப் பற்றியோ ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதியிருந்தால், திட்டியிருந்தாலும் அவர் கவனித்துப் படித்தவர். ‘விறுவிறுப்பு’ என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாத ஐந்து நட்சத்திரத்தைவிட அந்தத் திட்டு உங்களுக்கு உதவும். உங்கள் ரசனைக்கு ஒரு குறையும் இல்லை. மிதக்கும் உலர்துறை வரும் இடத்தில் உங்களுக்குப் பிடித்துப்போனதாக எழுதியிருந்தீர்கள், எனக்கும் அதே இடம்தான்.

அடுத்து ‘ரெய்ஸ் த டைட்டானிக்’ எடுங்கள். அதை முடித்ததும் உடனே இன்னொன்றுக்குப் போகாமல் சில மாதம் இடைவெளி விடுங்கள், ஒரே மூச்சில் ஐந்தாறு படித்துத்தான் பலர் கசந்து போனார்கள். அந்த இடைவெளியில் 1996-இல் வந்த ‘த சீ ஹண்டர்ஸ்’ கிடைத்தால் படியுங்கள். அது நாவல் இல்லை, கஸ்லர் தேடிப் போன நிஜக் கப்பல்களின் கதை. ஹன்லிக்காகத் திரும்பத் திரும்பப் போய் வெறுங்கையோடு திரும்பியதைச் சொல்லும் பக்கங்கள் அதில் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தை அந்தப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.